கொண்டச்சிக் கரையும் காணிப் பயன்பாட்டுத் திட்டமும்

மக்கள் கூடியவிடமெல்லாம் ஊராகிவிடுவதில்லை. நீர், நிலம், தொழில், வழி என்னும் நான்கும் தம்முள் பொருந்தியவிடத்தேதான் ஊர் நிலைக்கின்றது. பழந்தமிழர் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய தொழிலையும் உணவையும் வகுத்துரைத்தமை இவ்வுண்மையை அவர் நன்கறிந்திருந்தமையாலாம். இக்காலத்து உள்ளூராட்சி மன்றங்கள் ஆக்க முற்படும் காணிப் பயன்பாட்டுத் திட்டமும் அடிப்படையில் அத்தகைய பகுப்பே. எந்நிலம் எதற்குரியது, எங்கே வீடு எழலாம், எங்கே எழலாகாது என்பவற்றை முன்னரே ஆராய்ந்து, எழுத்திலும் படத்திலும் நிறுத்துவதே அதன் பணி. அது எவ்வாறு ஆக்கப்படல் வேண்டும் என்பதை மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசத்திலுள்ள கொண்டச்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முத்து நகரமும் நிலையான ஊரும்

கொண்டச்சி, மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையே அமைந்தது. அதன் எதிரே கடலினுள் கிடக்கும் முத்துப் பார்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் எழுதி வெளியிட்ட றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், கொண்டச்சிக் குடாவை முத்துக்குளிப்புப் படகுகள் கூடும் நடுவிடமாகக் குறித்துள்ளார். ஏனைய காலத்தில் வெறும் மணல்வெளியாய்க் கிடந்த அக்கரை, குளிப்புக் காலத்தில் பல தேயத்தார் குழுமும் பெருநகராய் மாறியதையும், நல்ல குடிநீரை ஏறத்தாழ 4 மைல் வடக்கேயுள்ள அரிப்பிலிருந்து பெற வேண்டியிருந்ததையும் அவர் எழுதியுள்ளார். முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள், கடலரிப்புக்கு ஆட்பட்டு இன்றும் நிற்கின்றன.

பின்னர் குளிப்பு முகாம் மறிச்சுக்கட்டியிலும் அமைந்தது. எழுத்தாளராகப் பின்னர் புகழ்பெற்ற லெனாட் வூல்வ் 1906ஆம் ஆண்டில் அங்கே அரசாங்க அலுவலராகப் பணியாற்றினார். ஓலையாலும் கம்பினாலும் சில கிழமைகளுக்கென எழுப்பப்பட்ட அந்நகருக்குத் தெருக்கள் இருந்தன, கடைவீதி இருந்தது, வழக்குத் தீர்க்கவும் நோய் தீர்க்கவும் இடங்கள் இருந்தன. குளிப்பு முடிந்ததும் அனைத்தும் அகன்றன. மணலும் அங்கேயே வாழ்ந்த குடிகளுமே எஞ்சினர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இக்கரையில் ஒழுங்குபட ஊர் வகுத்தல் இயலாத செயலன்று. அது முன்னரே செய்யப்பட்டது. ஆனால் அவ்வொழுங்கு முத்தின் பொருட்டு வந்தோருக்காகவே வகுக்கப்பட்டது. நிலையாக வாழ்ந்தோருக்கு அத்தகைய திட்டம் எதுவும் வாய்க்கவில்லை.

வெற்றிடம் எனத் தோன்றும் நிலம்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலியின் ஊர்களும் அவற்றுள் அடங்கின. மக்களிற் பெரும்பாலோர் புத்தளப் பகுதியில் ஏதிலிகளாய் வாழ்ந்து, 2009இல் போர் முடிந்தபின் திரும்பத் தொடங்கினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஆளற்ற தோட்டத்தில் புதர் மண்டியது, புதர் மரமாயிற்று. வானிலிருந்து எடுத்த படத்தில் அது காடாகவே தோன்றும்.

2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களை அடக்கிய நிலம் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் கொண்ட மாவில்லுப் பேணற்காடு பிரகடனம் செய்யப்பட்டது. தம் முன்னோர் வாழ்ந்த காணிகளும் மேய்ச்சல் தரைகளும் இவ்வெல்லைக்குள் அகப்பட்டன என்பது மக்களின் முறையீடு. வில்பத்துவை ஒட்டிய இயற்கைக் காடு குடியேற்றத்தின் பெயரால் அழிக்கப்படுகின்றது என்பது சூழலியலாளரின் முறையீடு. 2020ஆம் ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்றுப் பகுதியில் குடியிருப்புக்கெனக் காடழித்தமை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்து, மீண்டும் மரம் நடுமாறு பணித்தது. தெற்கே முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களோ 2007இல் இடம்பெயர்ந்தபின் தம் ஊரில் கடற்படைத் தளம் எழக் கண்டனர்.

இரு முறையீடுகளிலும் உண்மை உண்டு. காடு வேண்டும், குடியிருப்பும் வேண்டும். அவற்றுக்கிடையே எல்லை வகுக்கும் பணி, மக்கள் திரும்புமுன்னரே செய்யப்பட்டிருத்தல் வேண்டும். செய்யப்படாமையால் நீதிமன்றமும் வர்த்தமானியும் ஒன்றன்பின் ஒன்றாக அப்பணியை மேற்கொள்ள நேர்ந்தது. ஆகவே வெற்றிடம் எனத் தோன்றும் நிலத்தை வெற்றிடம் எனக் கொள்ளாமையே திட்டமிடுவோர் கற்கவேண்டிய முதற்பாடம்.

அறிதல் முதலில், வகுத்தல் பின்னர்

நகராக்க அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்பு நகருக்கு முன்னறிக்கை வரைந்தவர். நோயை அறியாது மருந்து கொடுத்தல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே ஊரை ஆராயாது திட்டம் வகுத்தலும் தகாது என்பது அவர் கொள்கை. அதன்படி முசலியில் செய்யவேண்டிய ஆராய்வு மூவகைப்படும்.

முதலாவது நிலத்தைப் பற்றியது. வயல், குளம், குளத்தின் நீரேந்து பரப்பு, தோட்டம், மேய்ச்சல் தரை, காடு, வாடிகள் அமையும் கடற்கரை, மயானம், வழிபாட்டிடம், மரமுந்திரிகைத் தோட்டம் ஆகிய யாவும் படத்தில் ஏறல் வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களையும் 1990க்கு முன் எடுக்கப்பட்ட வான்படங்களையும் புதிய செய்மதிப் படத்தோடு ஒப்பிடின், முதுகாடு எது, கைவிடப்பட்ட தோட்டத்தில் முளைத்த காடு எது என்பது பெரிதும் புலனாகும். உறுதி இழந்தோரின் உரிமைக்கும் அவை துணைச்சான்றாம்.

இரண்டாவது நீரைப் பற்றியது. இப்பகுதி ஆண்டில் ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழையே பெறுவது. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடும். கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது பரந்திருக்கும் என்பது அறிவியலார் கணக்கு. மறுதலையாக, மிகுதியாய் இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால் உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ முற்படும். ஆதலின் கரையில் வீடுகளை நெருக்கி, ஒவ்வொன்றுக்கும் கிணறும் அதனருகே மலகூடக் குழியும் அமைத்தல் தன் நீரைத் தானே கெடுத்தலாகும். எத்தனை வீடுகள் என்பதை நிலத்தின் பரப்பு மாத்திரமன்றி நீரின் அளவும் முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது மக்களைப் பற்றியது. ஓர் ஊரில் 1990இல் 100 குடும்பங்கள் இருந்தன எனக் கொள்வோம். சிறுவராய்ச் சென்றோர் பெற்றோராய்த் திரும்புகையில் அவை 250 குடும்பங்கள் ஆதல் கூடும். குடும்பத்துக்கு 2 பரப்பு வீதம் 500 பரப்பு, அதாவது 31¼ ஏக்கர் குடிமனைக்கே வேண்டும். வீதி, பாடசாலை, விளையாட்டிடம், சந்தை என்பவற்றுக்கு அதில் மூன்றிலொரு பங்கு சேர்ப்பின் ஏறத்தாழ 42 ஏக்கர் ஆகும். பழைய 100 குடும்பங்களுக்குரிய நிலத்தை மாத்திரம் மீட்டுக்கொடுத்து, மீள்குடியேற்றம் முடிந்தது எனக் கூறுதல் கணக்கறியாமையாம்.

அதிகாரம் யார் கையில்?

ஈண்டு ஒரு தடை எழுகின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் என்பவற்றைப் பிரதேச சபைக்கு உரிமையாக்கியது. ஆனால் அரச காணியைக் கையாள்பவர் பிரதேச செயலாளர். காடு வனத் திணைக்களத்துக்குரியது. உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள பகுதி 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணற் சட்டத்துக்கு அமைந்தது. கட்டட அனுமதிக்கு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அபிவிருத்திப் பிரதேசமென அறிவிக்கப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் உள. ஆகவே சபை தனித்து வரையும் படம் சுவரில் தொங்கும் படமாகவே முடியும். இவர் அனைவரையும் ஓரிடத்தே அமர்த்தி, ஒரே படத்தின்மேல் எல்லையை இணங்கச் செய்தலே சபையின் தலையாய கடமை.

அவ்வாறு இணங்கிய வரைவு தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பாடசாலையிலும் அதை விளக்கி, எழுத்தறியாதார் கூறும் ஆட்சேபத்தையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். தோணி ஏற்றும் இடமும், விறகுக்குச் செல்லும் வழியும், கோடையில் வற்றாத துரவும் அலுவலருக்குத் தெரியா. மீனவனுக்கும் விறகெடுக்கும் பெண்ணுக்கும் தெரியும்.

வீடு கட்டும் முறையிலும் இக்கொள்கையே ஏற்றது. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம், வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாவைக் கட்டம் கட்டமாக வழங்கி, உரிமையாளரே தம் வீட்டைக் கட்டும் முறையைக் கைக்கொண்டது. தன் வீட்டின் வாசல் எத்திசை நோக்கல் வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தவன் அவ்வீட்டைப் பேணுவான். எனினும் காணி உரிமை தெளிவாக இல்லாதவனுக்குப் பணம் மாத்திரம் வீடாகாது. வீட்டுக்கு அடிப்படை கல்லன்று, காணியே.

முடிபு

காணித் திட்டம் பொறியியலாருக்கே உரிய பொருள் என எண்ணுதல் தவறு. பழைய படத்தை வாசிக்கப் புவியியல் மாணவனும், உறுதிகளை ஆராய வரலாற்று மாணவனும், கிணற்று நீரைச் சோதிக்க வேதியியல் மாணவனும் வேண்டும். ஓர் ஊரின் கிணறுகளை எண்ணி, அவற்றின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்து குறித்துவைக்கும் மாணவர் குழு, சபைக்குப் பேருதவி செய்ததாகும். முத்துக்காகச் சில கிழமைகளில் நகர் வகுத்த கரை கொண்டச்சி. மக்களுக்காக ஒரு தலைமுறைக்கேனும் நிற்கும் ஊரை அங்கே வகுத்தல் நம்மால் இயலாததன்று. முதலில் நிலத்தையும் அதில் வாழ்ந்தோரையும் அறிதல் வேண்டும். கோடு வரைதல் அதன் பின்னரே.