பழைய கணினிக்குப் பேட்டரி மாற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

கணினியைத் திறந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கிறது. வங்கியின் இணையப்பக்கம் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. சில கணினிகள் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடுகின்றன. கணினி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் தீர்ந்துபோனது உள்ளே தாய்ப்பலகையில் இருக்கும் பேட்டரிதான்.

ஏறக்குறைய 20 சென் நாணய அளவு, 3 வோல்ட், பெயர் சிஆர்2032. கடிகாரக் கடையிலும் கிடைக்கும்; விலை சில ரிங்கிட்தான். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பிளக் இருக்கும்வரை சுவர் மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும். பிடுங்கிவிட்டால் பேட்டரிதான் ஓட்டவேண்டும். அதனால் அது சீக்கிரம் தளர்கிறது.

பேட்டரியைக் கழற்றினால் பழைய கணினிகளில் நேரம் மட்டுமன்றி பயோஸ் அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அதில் ஆபத்தானது ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்ற ஒரு வரி. ஐடிஇ முறையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினி ஏஎச்சிஐ முறைக்கு மாறினால், நீலத்திரை காட்டி நின்றுவிடும். "விண்டோஸ் போச்சு, ஃபார்மேட் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பிள்ளைகளின் படங்களும் கோயில் கணக்கும் அதோடு போய்விடும். பயோஸில் அந்த வரியைப் பழையபடி மாற்றினாலே போதும். பழைய நிலை தெரியாவிட்டால் ஐடிஇ, ஏஎச்சிஐ இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இதனால் கோப்பு எதுவும் அழியாது.

எனவே முதல் வேலை, கணினி தொடங்கும்போதே டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போய், ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுப்பது. விண்டோஸ் 10, 11 உள்ள கணினியில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் முன்பே எழுதி வையுங்கள். பிறகு அது கேட்கக்கூடும்.

கணினியை அடைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பேட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கியை மெல்லத் தள்ளினால் அது எழும்பும். புதியதைப் பழையது இருந்த பக்கமாகவே வையுங்கள். பின்பு பயோஸில் நேரத்தையும் படத்தில் உள்ளவற்றையும் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். சில கணினிகளில் விசை வேறாக இருக்கும். திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும்.

பிளக்கை விட்டுவைத்தே பேட்டரியை மாற்றினால் அமைப்பு அழியாது என்று சிலர் சொல்வார்கள். பொய்யல்ல, ஆனால் பலகையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் பலகையே போகலாம். படம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

பழைய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்றுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.