டாக்டரின் கண் யார் கையில்?



வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் மூணு நாலு சின்ன ஓட்டை போட்டே ஆபரேஷன் செய்கிறார்களே, கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் அத்தைக்குப் பித்தப்பையை இப்படித்தான் எடுத்தார்கள். இதற்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர். இந்தியாவில் முதன்முதலாக இந்த முறையில் பித்தப்பையை அகற்றியவர் டாக்டர் உட்வாடியா. 1990-ல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில். தமிழ்நாட்டில் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கோவை ஜெம் மருத்துவமனை டாக்டர் சி. பழனிவேலு.

முதலில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். ஒரு ஓட்டையில் கேமராக் குழாய், மற்றதில் கத்தரி, இடுக்கி. டாக்டர் டி.வி.யைப் பார்த்துதான் அறுக்கிறார். அவருக்கு ரெண்டு கையிலும் கருவி இருக்கு. அப்போ கேமராவை யார் பிடிப்பது? பக்கத்தில் நிற்கிற உதவி டாக்டர்!

நம்ம நெய்வேலியில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னாடி நின்று, "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடி!" என்று கத்துவார் இல்லையா? அந்த நேரத்தில் டிரைவருக்குக் கண் கிளீனர்தான். அங்கே அரை அடி தப்பினால் சுவர் போகும். வயிற்றுக்குள் நூலளவு தப்பினால் ரத்தக்குழாய்!

நானும் என் தோழியும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுச் சோதித்தோம். பென்சிலை உள்ளே விட்டுக் கையை வலப்பக்கம் தள்ளினால், உள்ளே முனை இடப்பக்கம் போகிறது! டார்ச் பிடித்த தோழி அஞ்சே நிமிஷத்தில் "கை வலிக்குதுடி" என்றாள். வெளிச்சம் ஆடியது. ஆபரேஷனோ மணிக்கணக்கில் நடக்கும்.

அதனால் கேமராவைப் பிடிக்க இயந்திரக் கை செய்தார்கள். ஏசாப் என்ற கைக்கு 1994-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு வந்த மாடல் டாக்டர் சொல்கிற சொல்லுக்கு நகர்ந்தது. அவர் குரலை முன்பே பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸ் பேசினாலும் கேமரா ஓடுமே! ஏசாப் இப்போது தயாரிப்பில் இல்லை.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் செய்த எண்டோஅசிஸ்ட். டாக்டர் தலையில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். டி.வி. பக்கம் இருக்கிற உணர்கருவி அதைப் பிடிக்கும். தலையை இடப்பக்கம் திருப்பினால் படமும் இடப்பக்கம் போகும். ஆனால் காலால் பெடலை மிதித்தால்தான் நகரும். ஏன் தெரியுமா? டாக்டருக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! இதே முறையில் பிறகு ஃப்ரீஹேண்ட் என்ற கருவியும் வந்தது.

"அப்போ உதவி டாக்டர் வேண்டாமா?" என்று எங்கள் அறிவியல் டீச்சர் கேட்டார். வேண்டும் டீச்சர். இளம் டாக்டர்கள் கேமரா பிடித்துப் பிடித்துத்தான் ஆபரேஷனைக் கற்றுக்கொள்கிறார்கள். அதோடு, வயிற்றுச் சூட்டில் கேமராக் கண்ணாடியில் ஆவி படியும், ரத்தம் தெறிக்கும். அப்போது குழாயை வெளியே எடுத்து, வெந்நீரில் கழுவித் துடைத்து, திரும்ப உள்ளே விட ஒரு ஆள் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி