உஷார்! கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறார்களாம்

"சார், உங்க விளம்பரத்தை கூகுள்ல முதல் இடத்துல நிறுத்திக் காட்டுறோம், கேரண்டி!" இப்படி ஒரு போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். தேடல் விளம்பரத்தில் முதலிடத்துக்கு எவரும் கேரண்டி தர முடியாது. அப்படிச் சொல்லி ஆள் பிடிக்கக் கூடாது என்று ஏஜென்சிகளுக்கு கூகுளே விதி வைத்திருக்கிறது. ஆனால், அவர்கள் ஏமாற்றுவதைவிடப் பெரிய ஆபத்து அவர்கள் சொன்னதைச் செய்துவிடுவது. முதலிடம் நிஜமாகவே கிடைக்கும், கிளிக்குக்குக் கிளிக் பணம் கரையும், கடைக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

ஏன் என்று புரிய, விளம்பர இடங்களுக்காக நடக்கும் ஏலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய 'கோடூ' தளத்தில் கணக்கு எளிது: அதிகம் கேட்டவர் மேலே. கூகுள் 2002-ல் அதை மாற்றியது. எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதோடு, உங்கள் விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்வார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தது. இன்று ஒவ்வொரு தேடலுக்கும் தனி ஏலம் நடக்கிறது. தேடியவர் கேட்டதற்கும் உங்கள் விளம்பரத்துக்கும் எவ்வளவு பொருத்தம், கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா, அவர் எந்த ஊரில் எந்த நேரத்தில் தேடுகிறார் என எல்லாம் சேர்ந்துதான் இடம் முடிவாகிறது. பக்கம் மோசமாக இருந்தால் அந்தக் குறையைப் பணத்தால் ஈடுகட்ட வேண்டும். சுமாரான விளம்பரக்காரர் 80 ரூபாய் கொடுத்து நிற்கும் இடத்தில் நல்ல விளம்பரக்காரர் 30 ரூபாயில் நிற்க முடியும். இடத்தை உயர்த்த வேண்டும் என்றதும் முதல் வேலையாக ஏலத்தொகையை ஏற்றுகிறவர் கையில் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

போட்டியே இல்லாவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு. அதை நிர்ணயிப்பது கூகுள். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2023 செப்டம்பரில் சாட்சி சொன்ன கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தில் செய்யும் மாற்றங்களால் விலை 5 சதவீதம், சில தேடல்களுக்கு 10 சதவீதம்கூட ஏறியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலிலும் தேடல் விளம்பரத்திலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். ஏலம் விடுபவரே கடைக்காரராகவும் இருக்கும் சந்தை இது. அதை மறந்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

சரி, 'முதலிடம்' என்கிறார்களே, அதுவாவது நிலையானதா? விளம்பரம் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்று காட்டிவந்த எண்ணை 2019 செப்டம்பரில் கூகுள் எடுத்தேவிட்டது. மேல்பகுதியில் எத்தனை சதவீதம், அதிலும் உச்சியில் எத்தனை சதவீதம் என்ற கணக்குதான் இப்போது கிடைக்கிறது. 2024-ல் 'மேல்பகுதி' என்பதற்கான விளக்கமும் மாறியது. சில தேடல்களில் இலவச முடிவுகளுக்குக் கீழே வரும் விளம்பரமும் மேல்பகுதிக் கணக்கில் சேரலாம். ரிப்போர்ட்டில் அழகான சதவீதத்தைக் காட்டி ஒருவர் பில் நீட்டினால், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

'டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர்' என்று ஒரு ஏல முறை இருக்கிறது. உச்சியில் இத்தனை சதவீதம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கணினியே விலையை ஏற்றிக்கொள்ளும். கிளிக் செய்தவர் வாங்கினாரா என்று அது பார்க்காது. ஒரே ஊரில் இரண்டு பல் கிளினிக்குகள் 100 சதவீதம் உச்சி என்று போட்டு, உச்சவரம்பை 300 ரூபாய் என வைத்தால் என்ன ஆகும்? இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டே போவார்கள். நூறு கிளிக்கில் மூன்று பேர் வாடிக்கையாளராகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிக் 40 ரூபாய் என்றால் ஒருவரைக் கூட்டிவர ஏறக்குறைய 1,333 ரூபாய். கிளிக் 120 ஆனால் 4,000. பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வருபவருக்காக 4,000 கட்டுப்படியாகுமா? மூன்றாம் இடத்திலேயே நின்றிருக்கலாம்.

இனி, கணக்கைத் திறக்கும்போதே விரித்து வைத்திருக்கும் வலைகள். புதிதாகத் தேடல் விளம்பரம் அமைக்கும்போது 'சர்ச் பார்ட்னர்ஸ்', 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' என்று, கூகுள் தேடலுக்கு வெளியேயும் விளம்பரத்தைக் கொண்டுபோகும் இரண்டும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். நீங்கள் கேட்டது தேடுபவர்களை. பணமோ எங்கோ ஒரு விளையாட்டு ஆப்பில் குழந்தையின் விரல் தவறிப் பட்ட கிளிக்குக்கும் போகலாம். ஊர் அமைப்பிலும் இதே கதை. மதுரை என்று போட்டால், மதுரையில் இருப்பவர்களோடு மதுரையில் 'ஆர்வம் காட்டியவர்களும்' சேர்த்தி. ஓட்டல் நடத்துபவருக்கு அது வரம். போர்வெல் மோட்டார் பழுதுபார்ப்பவருக்கு டெல்லியில் இருந்துகொண்டு மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றித் தேடியவரால் என்ன பிரயோஜனம்?

இவற்றையெல்லாம்விட அதிகம் விழுங்குவது 'பிராட் மேட்ச்'. நீங்கள் கொடுக்கும் சொல் 'ஏசி சர்வீஸ் மதுரை'. அதை வைத்துக்கொண்டு 'ஏசி மெக்கானிக் வேலை', 'ஏசி சர்வீஸ் கோர்ஸ்', ஏதோ ஒரு கம்பெனியின் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடியவர்களுக்கும் கூகுள் உங்கள் விளம்பரத்தைக் காட்டும். கடைசியாகச் சொன்னவர் மகா ஆபத்தானவர். உங்களையே அந்தக் கம்பெனி என்று நினைத்து போன் போட்டுச் சண்டையும் பிடிப்பார், அதற்கான கிளிக் காசும் உங்களுடையது. வேலை, சம்பளம், கோர்ஸ், இலவசம், கஸ்டமர் கேர் போன்ற சொற்களை 'நெகட்டிவ்' பட்டியலில் போட்டுவிடுங்கள். தமிழ் விளம்பரங்களை கூகுள் ஏற்கத் தொடங்கியது 2018-ல். அதன்பின் நமக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. நம் மக்கள் தமிழில் தேடுவார்கள், ஆங்கிலத்தில் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழையும் தட்டுவார்கள். நெகட்டிவ் சொல் அதே பொருளுள்ள வேறு சொல்லைத் தடுக்காது. மூன்று வகையிலும் எழுதித்தான் ஆக வேண்டும். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் அறிக்கையை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். 2020 செப்டம்பரிலிருந்து அதிலும் குறைவாகத் தேடப்படும் சொற்கள் மறைக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரிவதையாவது விட்டுவைக்காதீர்கள்.

உங்கள் கடைப் பெயரைத் தேடினால் போட்டிக்காரர் மேலே வருகிறாரா? பதறி ஏலத்தை ஏற்றாதீர்கள். பாரத்மேட்ரிமோனியை நடத்திய சென்னையின் கன்சிம் நிறுவனம் இதே புகாரோடு சென்னை உயர் நீதிமன்றம் போனது. அந்நிறுவனத்தின் தளப் பெயர்கள் பொதுவான விவரிப்புச் சொற்கள் என்று 2010-ல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல், பிறர் வணிகப் பெயரைத் தேடல் சொல்லாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாது, குழப்பம் விளைந்தால்தான் மீறல் என்ற நிலையை எடுத்தது. யாரும் குறுக்கே வராதபோதும் சொந்தப் பெயருக்குக் காசு கட்டுகிறீர்களா? 2012-ல் ஈபே நிறுவனம் வேறு தேடுபொறிகளில் அப்படியான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. வர வேண்டியவர்களில் ஏறக்குறைய அனைவரும் இலவச முடிவு வழியாகவே வந்து சேர்ந்தார்கள்.

பட்ஜெட்டிலும் கவனம். நாளுக்கு 1,000 ரூபாய் என்று போட்டால், ஒரே நாளில் 2,000 வரை செலவாகலாம். மாதத்துக்கு 30,400-ஐத் தாண்டாது, அவ்வளவுதான். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. விளம்பரம் வருகிறதா என்று நீங்களே தினமும் தேடிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கிளிக் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பயனற்ற விளம்பரம் என்று கணக்காகும். அதற்கென்றே கணக்குக்குள் முன்னோட்டக் கருவி இருக்கிறது. கணக்குக்குள் நுழைவதிலும் உஷார்: 'கூகுள் ஆட்ஸ்' என்று தேடி, மேலே வந்த விளம்பரத்தையே கிளிக் செய்தவர்களின் பாஸ்வேர்டைப் போலிப் பக்கங்கள் பறித்த மோசடி 2025 ஜனவரியில் அம்பலமானது. முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள்.

செலவில் இத்தனை சதவீதம் கட்டணம் என்று வாங்கும் ஏஜென்சிக்கு உங்கள் செலவு கூடுவதில்தான் லாபம். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கட்டும், அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மாதக் கடைசியில் விளம்பரம் எத்தனையாவது இடத்தில் வந்தது என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால், அன்றே அனுமதியை நீக்கிவிடுங்கள்.