ஆறு தசமத்தில் ஒரு மாடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதி மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. முதலில் 2024 டிசம்பர் 30 என்றார்கள். அது 2025 டிசம்பர் 30 ஆனது. 2025 டிசம்பரில் அதையும் மாற்றி, 2026 டிசம்பர் 30 என்று வைத்திருக்கிறார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. தேதி நகர நகரக் குழப்பம் கூடுகிறது என்பது ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனத் தோல் தொழில் ஊர்களின் பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. "எங்கள் ஷூவெல்லாம் திரும்பி வந்துவிடுமா?" என்று ஒருவர். "நாங்கள் ஆட்டுத்தோல் மட்டும்தான் போடுகிறோம், எங்களுக்கு எதற்கு மாட்டுப் படிவம்?" என்று இன்னொருவர்.

சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கும் பட்டியலைத் திறந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மாட்டின் பச்சைத்தோல், பதனிட்ட தோல், ஃபினிஷ் செய்த தோல் ஆகியவை பட்டியலில் உண்டு. ஆட்டுத்தோல், செம்மறித்தோல் இல்லை. ஷூ இல்லை. பை, பெல்ட், கையுறையும் இல்லை. வாணியம்பாடியிலிருந்து மாட்டுத்தோலை இத்தாலிக்கு அனுப்பினால் சட்டம் பொருந்தும். அதே தோலை ஆம்பூரில் வெட்டித் தைத்து ஷூவாக அனுப்பினால் பொருந்தாது. காட்டைக் காக்க வந்த சட்டத்துக்கு இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், எதுவும் இல்லை என்பேன்.

பிறகு ஏன் ஷூ கம்பெனிக்கும் படிவம் வருகிறது? அதை அனுப்புவது பிரஸ்ஸல்ஸ் அல்ல, வாங்குபவர். பெரிய பிராண்டு ஒன்று ஷூவும் விற்கிறது, தோலும் வாங்குகிறது, மர அலமாரியும் வைத்திருக்கிறது. பொருளுக்கொரு விதி வைத்துக்கொள்வதைவிட எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்பிவிடுவது அதன் அலுவலகத்துக்கு எளிது. கேள்வித்தாள் ஷூ கம்பெனிக்கு வருகிறது. ஷூ கம்பெனி அதை டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்குத் தள்ளுகிறது. டேனரி மண்டி வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறது. மண்டிக்காரர் அதை யாருக்கு அனுப்புவார்? கேள்வி எழுத்து மாறாமல் கீழே இறங்குகிறது. பதில் தெரிந்தவர்கள் படிக்குப் படி குறைந்துகொண்டே போகிறார்கள்.

மாடு எங்கே கட்டியிருந்தது?

கேட்கப்படும் விவரங்களில் ஒன்றுதான் என் கண்ணை உறுத்துகிறது. அந்தத் தோலைச் சுமந்த மாடு, வாழ்நாளில் எங்கெல்லாம் வைத்து வளர்க்கப்பட்டதோ அந்த இடங்கள் அத்தனைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வேண்டும். தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம். ஆறு இலக்கம் என்றால் தரையில் ஏறக்குறைய அரைச் சாண் துல்லியம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அந்த இடத்தில் காடு அழிக்கப்பட்டதா என்பதை அதன் பிறகு செயற்கைக்கோள் படம் சொல்லிவிடும்.

யோசனை சாமர்த்தியமானது, ஒப்புக்கொள்கிறேன். எந்த அரசின் சான்றிதழையும் நம்ப வேண்டியதில்லை. இந்திய அதிகாரியின் முத்திரை தேவையில்லை. லஞ்சம் கொடுத்து வானத்திலிருக்கும் கேமராவை மாற்ற முடியாது. அமேசானில் பல்லாயிரம் ஏக்கர் பண்ணைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் இருப்பது இரண்டு மாடு. பகலில் ஏரிக்கரையில் மேயும், இரவில் வீட்டோரம் புங்க மரத்தடியில் நிற்கும். பால் வற்றியதும் செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போவார்கள். அங்கே விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தரகரும் வியாபாரியும் கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காகவே உள்ள ஏற்பாடு அது. விலையே வெளியே வராத இடத்தில், மாடு எந்த மரத்தடியில் நின்றது என்ற எண் எங்கிருந்து வரும்? அந்த மாடு அடுத்த வாரம் இன்னொரு சந்தைக்குப் போகும், பொள்ளாச்சி வழியாகக் கேரளத்துக்கும் போகலாம். அதன் தோல் மட்டும் உப்புப் போட்டு மடித்து, பல ஊர்த் தோல்களோடு கட்டாகி, பெரியமேடு வழியாகவோ ஈரோடு வழியாகவோ பாலாற்றங்கரை டேனரிகளுக்குத் திரும்பி வரும்.

"மாட்டுக்குக் காதில் தோடு போட்டிருக்கிறார்களே!" என்று ஒரு வாசகர் நினைவூட்டியிருந்தார். சரிதான். 2019-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போடும்போது 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் தோடும் குத்தப்படுகிறது. விவரம் மத்திய அரசின் தரவுத்தளத்தில் ஏறுகிறது. 'மாட்டுக்கும் ஆதார்' என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். அந்தத் தோடு இருப்பது காதில். கசாப்புக்கூடத்தில் காது ஒரு பக்கம் போகும், தோல் ஒரு பக்கம் போகும். எண்ணைத் தோலோடு சேர்த்து எழுதி வைக்கும் வேலையை யாருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்று படிவம் தயாரித்தவர்களுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. ஐரோப்பாவில் 'இந்த மாடு இந்த வீட்டிலிருந்து வந்தது' என்ற காகிதம் நல்ல பெயர் வாங்கித் தரும். இந்தியாவில் பல மாநிலங்களில் அதே காகிதம் வழக்குக்குச் சாட்சியம். உத்தரப் பிரதேசத்தில் 2020 திருத்தத்துக்குப் பிறகு பசுவதைக்கு 10 ஆண்டுவரை சிறை. தமிழ்நாட்டிலும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாட்டை அறுக்கச் சான்று வேண்டும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். இந்தத் தொழிலின் அடித்தட்டில் இருப்பவர்கள் பேரையும் ஊரையும் எழுதாமல் வியாபாரம் செய்வது சோம்பலால் அல்ல. அவர்களிடம் போய் ஆறு இலக்கத் துல்லியத்தில் வீட்டு வாசலைக் குறித்துக் கொடு என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று படிவத்தின் எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை.

பதில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? டேனரி, காகிதத்தோடு வரும் தோலை வாங்கும். பிரேசிலிலிருந்து வரும் வெட் ப்ளூ (குரோமியத்தில் பதனிட்டு, இன்னும் ஃபினிஷ் செய்யாத தோல்) ஓர் உதாரணம். அங்கே மாடு பண்ணை மாறும்போதெல்லாம் போக்குவரத்துச் சீட்டு உண்டு. காடழித்த பண்ணையில் வளர்ந்த கன்றைச் சுத்தமான பண்ணை வழியாகக் கைமாற்றி வெளுத்தெடுக்கும் வித்தையும் அங்கே பிரசித்தம். இருந்தாலும் காகிதம் இருக்கிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வெட் ப்ளூ மீதான 10 சதவீத இறக்குமதி வரியையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. அமேசானைக் காப்பாற்ற வந்த விதி, குடியாத்தத்து மாட்டை ஒதுக்கிவிட்டு அமேசான் பக்கத்து மாட்டை உள்ளே விடுவதற்கு எல்லா வசதியும் கூடி வந்திருக்கிறது.

'குறைந்த ஆபத்து' என்றால்

2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடுகளில் சேர்த்தது. இங்கே அதை வெற்றிச் செய்தியாகக் கொண்டாடினார்கள். அதன் பொருள் இதுதான்: நம்மிடம் வாங்கும் இறக்குமதியாளர்களில் நூற்றுக்கு ஒருவரை அவர்கள் சோதிப்பார்கள். நடுத்தர ஆபத்து என்றால் மூவர், அதிக ஆபத்து என்றால் ஒன்பது பேர். ஆபத்தை மதிப்பிடும் வேலையும் மிச்சம். ஆனால் இட விவரம் கட்டாயம், அதில் தள்ளுபடி கிடையாது. பிரேசில் தோலை ஆம்பூரில் ஃபினிஷ் செய்து அனுப்பினால், கணக்கில் அது பிரேசில் மாடு. இந்தியாவின் நற்சான்று அதற்குச் செல்லாது.

2026 ஜனவரி 27-ஆம் தேதி இந்தியா-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக அறிவித்தபோது, தோலுக்கும் காலணிக்கும் 17 சதவீதம்வரை இருந்த வரி பூஜ்யமாகும் என்றார்கள். நல்லது, நடைமுறைக்கு வரட்டும். வரியைக் குறைப்பது அமைச்சர்கள் கையில் இருக்கிறது, வாங்குபவரின் கேள்வித்தாள் அவர்கள் கையில் இல்லை.

இது புதிதும் அல்ல. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற மலிவான மருந்தைப் போட்டுவந்தோம். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடைசெய்தது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சரக்கு திரும்பியது, பாலாற்றுப் பகுதி அதிர்ந்தது. அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதனைக்கும் மாற்று மருந்துக்கும் ஓடியது. சில ஆண்டுகளிலேயே இந்தியாவும் அந்த மருந்தைத் தடைசெய்தது. அடுத்து 1994-இல் அசோ சாயத்துக்கு ஜெர்மனி தடை போட்டது, 1997-இல் இந்தியா தொடர்ந்தது. 2015 மே முதல் ஐரோப்பாவில் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றார்கள். அதற்கும் ஆலைகள் பழகிக்கொண்டன. டெல்லியில் சட்டம் எழுதுவதற்கு முன்பே ஐரோப்பாவில் எழுதப்பட்டுவிடுகிறது. நம் ஆய்வுக்கூடங்கள் எதைத் தேட வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அங்கேதான் முடிவு செய்கிறார்கள்.

இந்த மூன்று ரசாயனங்களும் தோலிலேயே ஒட்டிக்கொண்டு கப்பலேறுபவை. அதனால் விரைவாகத் தீர்வு வந்தது. ஊரிலேயே தங்கிவிடும் கழிவைப் பற்றி எந்த வாங்குபவரும் அந்த அளவு வற்புறுத்தியதில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை வடிகட்டிக் காய்ச்சிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை என்ன செய்வதென்று இன்றுவரை வழி பிறக்கவில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது.

வெளிநாட்டு வலைப்பின்னலால் நமக்கு நன்மையே இல்லை என்று சொல்லவும் முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டையும் 1992 ரியோ மாநாட்டையும் சுட்டித்தான் 'மாசுபடுத்தியவரே செலவு கொடுக்க வேண்டும்' என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. அந்தத் தீர்ப்பு பதிவு செய்த கணக்குப்படி 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுமையாகவோ பாதியாகவோ பாழாகியிருந்தது. ஆனால் இழப்பீடும் மீட்பும் முடியவில்லை என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முதலில் அரசு கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. 28 ஆண்டுகளுக்கு மேல்! கப்பலில் ஏறும் பிரச்சினைக்கு இரண்டு மூன்று ஆண்டு.

தகவலும் அதே வழியில்தான் போகிறது. லெதர் வொர்க்கிங் குரூப் என்ற பன்னாட்டு அமைப்பு டேனரிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. எந்த ஆலைக்கு என்ன பதக்கம் என்பதை லண்டனில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஆலைக்கு நூறடி தள்ளிக் கிணறு வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது தண்ணீரின் உப்பளவு. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டேனரி உள்ளிட்ட 17 வகைத் தொழில்கள் நிகழ்நேரக் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. அந்த அளவுகளை மாநில வாரியத்தின் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'நிகழ்நேரக் கண்காணிப்பு' என்று அறிக்கைகளில் வருவதைப் படிக்கும்போது, யார் கண்காணிக்க என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக:

*எங்கள் யூனிட் சிறியது. 2027 ஜூன்வரை அவகாசமா?* இல்லை, பார்க்கப்படுவது ஐரோப்பாவில் இறக்குமதி செய்பவரின் அளவு.

*இந்தியாவில் எங்காவது பதிவு செய்ய வேண்டுமா?* வேண்டாம், அறிக்கை தாக்கல் செய்வது அந்த இறக்குமதியாளர். பதிவுக்குப் பணம் கேட்டு வரும் ஆலோசகர்களிடம் கவனம்.

*தங்கப் பதக்கம் இருக்கிறது, போதாதா?* போதாது. அது ஆலையின் தரம், மாடு வளர்ந்த இடம் அல்ல.

*பாலாற்று மாசு பற்றி இந்த விதி கேட்குமா?* கேட்காது.

*தெரிந்த தோலையும் தெரியாத தோலையும் ஒரே லாட்டில் கலக்கலாமா?* கூடாது, கலந்தால் முழு லாட்டும் தெரியாததாகிவிடும்.

*2026 ஏப்ரல் 30-க்குள் என்று வைத்த விதியின் மறுஆய்வில் தோலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களா?* ஐரோப்பியத் தோல் பதனிடுவோர் கூட்டமைப்பே எடுக்கச் சொல்லி நெருக்குகிறது. எடுத்தாலும் வாங்குபவரின் கேள்வித்தாள் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

*இடம் தெரியாவிட்டால் பக்கத்துச் சந்தையின் எண்ணைப் போட்டுவிடலாமா?* போடாதீர்கள். மாடு சந்தையில் வளரவில்லை. அந்தக் காகிதம் இறக்குமதியாளரிடம் ஐந்து ஆண்டு இருக்கும், அடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். 'தெரியாது' என்று எழுதி, எந்த மண்டியில் எந்தத் தேதியில் வாங்கியது என்ற ரசீதை இணைத்து அனுப்புங்கள்.