டிஜிட்டல் கிட்டாருக்கு எந்த ஸ்பீக்கர்?

தூத்துக்குடியில் திருவிழா மேடைகளில் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணே, ப்ராசஸர் வாங்கியாச்சு. இனி எந்த ஸ்பீக்கர்?”

கிட்டார் ஆம்ப்பில் உள்ள 12 இஞ்ச் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் தராது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டுவது அதுதான். லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற கருவிகள் அந்த வடிகட்டலையும் உள்ளேயே கணக்குப் போட்டுச் செய்துவிடும். அதை மறுபடி கிட்டார் ஸ்பீக்கரில் விட்டால் ரெண்டு தடவை வடிகட்டின மாதிரி, சத்தம் மந்தமாகிடும். அதனால்தான் வூஃபர், ட்வீட்டர், ஆம்ப் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் தேவைப்படுகிறது.

வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஃபென்டர் 2023-ல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் எஃப்ஆர்-10, எஃப்ஆர்-12 இரண்டுமே 1000 வாட்ஸ். வூஃபர் அளவுதான் வேறு. அதிகபட்ச டெசிபல் எவ்வளவு என்று பாருங்கள்.

தரையில் வைத்தால் பெட்டியைச் சாய்த்து, ட்வீட்டரைக் காதுக்கு நேராக வையுங்கள். நம்ம ஊர் உப்புக்காத்துக்கு ஜாக்கும் க்ரில்லும் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துடைத்து உறை போட்டு மூடுங்கள்.

கடைசியா ஒண்ணு. கோவிலில் ஏற்கெனவே பவர்டு பிஏ ஸ்பீக்கர் இருக்கா? அதுவும் ஃபுல் ரேஞ்ச்தான். முதலில் அதில் மாட்டி வாசித்துப் பாருங்கள். போதும்னு தோணினா, காசு மிச்சம்.