காதுமடலில் ஓர் ஆறாத புண்

சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் தோல்நோய் தீர்க்கும் என்பது சங்கரன்கோவில் வட்டார மக்களின் நெடுநாள் நம்பிக்கை. என் உறவினர் ஒருவர், அறுபதைக் கடந்த விவசாயி, காதுமடலில் வந்த ஆறாத புண்ணுக்கு ஓராண்டுக்கும் மேலாக அதைத்தான் பூசி வந்தார். நம்பிக்கையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மருந்துக்கடைக் களிம்பைப் பூசிக்கொண்டு காத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். காதுக்குக் கீழே பாக்கு அளவில் கட்டி எழும்பிய பிறகே மருத்துவரிடம் சென்றார். காதில் தொடங்கிய தோல் புற்று உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் பரவியிருந்தது.

தோலில் வந்த நோய் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு எப்படிப் போகும் என்று வீட்டார் கேட்டனர், நானும்தான் கேட்டேன். பொன்னுக்குவீங்கி வரும்போது காதடியில் வீங்குமே, அந்தச் சுரப்பிக்குள் நிணநீர் முடிச்சுகள் புதைந்திருக்கின்றன. உச்சந்தலை, நெற்றி, காதுமடல் ஆகியவற்றின் தோலிலிருந்து வடியும் நிணநீர் அவற்றின் வழியே செல்கிறது. எனவே, அங்கிருந்து புறப்படும் புற்று உயிரணுக்கள் பெரும்பாலும் முதலில் தங்குமிடம் இதுவே. வெளிர்தோல் மக்களும் கடும் வெயிலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில், இச்சுரப்பியில் காணப்படும் புற்றுகளில் தோலிலிருந்து பரவியவையே முதலிடம் வகிக்கின்றன.

நம் நாட்டில் தோல் புற்று அரிது. தோலின் நிறமி நம்மைக் காக்கிறது. ஆனால், வெயில் மட்டுமே காரணமன்று. பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் அது தோன்றக்கூடும். அரிது என்பதாலேயே எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

இவ்வகைப் புற்று தோலோடு நின்றுவிட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறுவை சிகிச்சையிலேயே குணமடைகின்றனர். நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் பரவுகிறது. அப்படிப் பரவினாலும் அது மரண ஓலையன்று. அறுவையும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெறுவோரில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருப்போர் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு என்கின்றன பல ஆய்வுகள். கழுத்து முடிச்சுகளுக்கும் பரவியிருந்தால் இது குறையும். உறுப்புமாற்றுச் சிகிச்சை பெற்று நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அப்படியே. முகத்தை அசைக்கும் நரம்பு இச்சுரப்பியின் ஊடே செல்கிறது. புற்று அதைப் பற்றியிருந்தால் நரம்பையும் வெட்டியெடுக்க நேரும். அறுவை இயலாதோருக்காக அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற செமிப்ளிமாப் என்னும் மருந்து, ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. அதன் விலை நம்மவர்க்கு எட்டாதது.

இனி என் துறைக்கு வருகிறேன். தொடக்கத்திலேயே வெட்டி எடுத்திருந்தால் செலவு ஓரிரு நாள் கூலி. பரவிய பின்னர், பெரிய அறுவை. அதன்பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைக் கட்டணத்தைத் தாங்குகிறது. இழந்த கூலியையும், உடன் தங்கிய மனைவியின் சாப்பாட்டையும், விற்ற ஆடுகளையும் அது தாங்குவதில்லை. சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள திருநெல்வேலிக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் வருமானம் போகிறது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் கோடு வரைந்து விளக்கியவன் நான்.

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வீடுதோறும் வருகின்றனர். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு அரசின் பரிசோதனை முறை உள்ளது. வயல்வேலை செய்யும் முதியவரின் காது, வழுக்கைத் தலை, பழைய தழும்பு ஆகியவற்றை ஒரு நிமிடம் பார்த்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பிக்கலாம்.

என் உறவினர் இப்போது வயலுக்குப் போகிறார். காதை மறைத்துத் துண்டு கட்டியிருப்பார். இடக் கண்ணிமை முழுதாக மூடாததால் சட்டைப்பையில் எப்போதும் கண் சொட்டுமருந்து. அடுத்த பரிசோதனை ஆடித்தபசு முடிந்த மறுவாரம்.