வங்கிகளின் பொது இணைப்பும் உழவர் கணக்கும்

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் விலையும், பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாகக் கிடைக்கும் 6,000 ரூபாயும், பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இன்று நேராக வங்கிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன. ஆனால் கணக்குள்ள கிளை ஓர் ஊரிலும், நீங்கள் சந்தைக்கோ உரக்கடைக்கோ செல்வது வேறோர் ஊரிலுமாக இருக்கும். அங்குள்ள ஏ.டி.எம். பிற வங்கியினுடையது. அதில் நம் அட்டையைச் செருகியும் பணம் எடுத்துக்கொள்ள முடிகிறது.

நடவுக் கூலிக்கென 5,000 ரூபாய் எடுக்கப் போகிறீர்கள். கணக்கில் பற்று விழுந்துவிட்டது. இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை. வயலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இந்நிலையில் இயந்திரத்தை வைத்துள்ள வங்கியைக் கேட்பதா, நம் வங்கியைக் கேட்பதா? இதற்கு விடை காண, வங்கிகளுக்கு இடையேயுள்ள பொது இணைப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

இணைப்பு வளர்ந்த விதம்

தொடக்கத்தில் ஒரு வங்கியின் ஏ.டி.எம். அவ்வங்கியின் வாடிக்கையாளருக்கு மட்டுமே பயன்பட்டது. 1997-இல் இந்திய வங்கிகள் சங்கம் மும்பையில் ‘ஸ்வதன்’ என்னும் பொது இணைப்பைத் தொடங்கியது. பின்னர் 2004 ஆகஸ்டில் நாடு தழுவிய ‘நேஷனல் பைனான்சியல் ஸ்விட்ச்’ மூன்று வங்கிகளின் ஏ.டி.எம்.களைக் கொண்டு தொடங்கப்பட்டது. 2009 டிசம்பரில் இதனை நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றுக்கொண்டது. இதே நிறுவனம் 2010 நவம்பரில் ஐ.எம்.பி.எஸ். என்னும் உடனடிப் பணமாற்று முறையையும், 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறையையும் கொண்டுவந்தது. கிராமங்களில் ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு வங்கி முகவரிடமும் தபால்காரரிடமும் பணம் பெறுவது இந்நிறுவனத்தின் மற்றோர் இணைப்பு வழியாகவே நடைபெறுகிறது.

வேலை செய்யும் முறை

பிற வங்கியின் இயந்திரத்திற்கு உங்கள் இருப்பு எவ்வளவு என்பது தெரியாது. அட்டையின் எண்ணைக் கொண்டு, ‘இன்ன வங்கியின் வாடிக்கையாளர் இவ்வளவு கேட்கிறார்’ என்ற செய்தியை அது பொது இணைப்புக்கு அனுப்புகிறது. இணைப்பு அச்செய்தியை உங்கள் வங்கிக்குத் தள்ளிவிடுகிறது. உங்கள் வங்கி ரகசிய எண்ணையும் இருப்பையும் சரிபார்த்து, கணக்கில் பற்று எழுதிவிட்டு, ‘கொடுக்கலாம்’ என்று பதில் அனுப்புகிறது. அதன் பிறகே நோட்டுகள் வெளிவருகின்றன. இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

இங்குக் கவனிக்க வேண்டியது, ஓடுவது செய்தி மட்டுமே என்பதாகும். கையில் கிடைக்கும் நோட்டு, மற்ற வங்கி உங்கள் வங்கிக்காகக் கொடுத்த கைமாற்று. பக்கத்து வயல்காரர்கள் இருவர் விதை நெல்லைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு, முடிவில் மிச்சத்தை மட்டும் அளந்து கொடுத்துத் தீர்ப்பதைப் போலவே வங்கிகளும் செய்கின்றன. ஒரு வங்கி மற்றதற்கு 10 லட்சமும், மற்றது இதற்கு 7 லட்சமும் தர வேண்டியிருந்தால், வேறுபாடான 3 லட்சம் மட்டும் ரிசர்வ் வங்கியிலுள்ள கணக்குகளில் மாற்றப்படுகிறது.

பணம் எங்கே சிக்குகிறது?

உங்கள் வங்கி பற்று எழுதிய பிறகு பதில் வழியில் அறுந்துபோகலாம். நோட்டு இயந்திரத்துள் சிக்கிக்கொள்ளலாம். தலைமடையில் நீர் திறந்த கணக்கு எழுதப்பட்டுவிட்டது, கடைமடைக்கு நீர் வந்து சேரவில்லை என்ற நிலை இது. ஆயினும் பணம் தொலைந்துபோவதில்லை. இயந்திரத்திலுள்ள ரொக்கத்தையும் அதன் பதிவேட்டையும் ஒப்பிடும்போது அத்தொகை மிகையாகத் தெரியவரும். அதனைத் திரும்ப உங்கள் கணக்கில் வரவு வைக்கக்கூடியது உங்கள் வங்கி ஒன்றே. எனவே இயந்திரம் எவருடையதாயினும், முறையிட வேண்டிய இடம் உங்கள் கணக்குள்ள வங்கியேயாகும்.

விதிகள் கூறுவது

2019 அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி ஆணை கீழ்க்கண்ட கெடுக்களை வகுத்துள்ளது.

1. ஏ.டி.எம்.மில் பற்று விழுந்து பணம் வராவிடில், அந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தொகை திரும்ப வரவாக வேண்டும்.

2. கைரேகை முறையில் பற்று விழுந்து, முகவரின் கருவிக்கு உறுதிச் செய்தி வராவிடிலும் கெடு 5 நாட்களே.

3. யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடில் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது சேராவிடில் 5 நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும்.

கெடு கடந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எடுத்துக்காட்டாக, 1-ஆம் தேதி ஏ.டி.எம்.மில் விழுந்த பற்று 6-ஆம் தேதிக்குள் திரும்ப வேண்டும். 10-ஆம் தேதி திரும்பினால் 400 ரூபாய் சேர்த்துத் தரப்பட வேண்டும். கேட்காமலேயே இதை வரவு வைக்க வேண்டுமென்பது விதி. ஆனால் பாஸ்புத்தகத்தைப் பார்ப்பவருக்குத்தான் வந்ததா இல்லையா என்பது தெரியும்.

எண்ணைத் தவறாக அழுத்தி வேறொருவருக்கு அனுப்பிய பணத்திற்கு இக்கெடு பொருந்தாது. அது இணைப்பின் குறையன்று. ஆகவே அனுப்புமுன் பெறுபவரின் பெயரைப் படித்துப் பார்த்தல் அவசியம்.

கட்டணம்

சேமிப்புக் கணக்குக்குச் சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் 5 முறையும், பிற வங்கி ஏ.டி.எம்.மில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3 முறையும், மற்ற ஊர்களில் 5 முறையும் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாயும் வரியும் வரை வசூலிக்கலாம் என 2025 மே 1 முதல் விதி உள்ளது. இருப்புப் பார்ப்பதும் இலவச எண்ணிக்கையில் சேரும். சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதால் வீண்செலவு ஏற்படும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பணம் வராதபோதும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு இல்லையெனில் தேதி, நேரம், இடம், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ‘ரேகை விழவில்லை, மறுபடியும் வையுங்கள்’ என்று முகவர் கூறினால், பற்று விழுந்ததா என்பதைக் கைப்பேசிச் செய்தியில் பார்த்த பிறகே மீண்டும் விரல் வையுங்கள். கருவியில் தெரியும் தொகையையும் படித்துப் பாருங்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

3. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. ‘பணம் வர எண்ணை அழுத்துங்கள்’ என்பவர் ஏமாற்றுபவரே. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

4. வங்கியின் தொலைபேசி எண்ணைப் பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ பார்த்தே பேசுங்கள்.

5. முறையீட்டை எழுத்து மூலம் கொடுத்துப் பதிவு எண் பெறுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணில் பேசலாம்.

பாடுபட்டு விளைவித்த நெல்லை எடைபோடும்போது தராசு முள்ளைக் கவனிக்கும் உழவர் பெருமக்கள், அந்நெல்லின் விலை வந்து சேரும் கணக்கையும் அவ்வாறே கவனித்து, தமக்குரிய தொகையையும் உரிமையையும் தவறாது பெற்றுப் பயனடைய வேண்டும்.